கரண்ட் போனா மூடிக்கற வால்வு

அதா, அந்த வேப்பமரத்துக்கு அக்கட்டால வெள்ளையா ஒரு டேங்க் நிக்குது பாருங்க தம்பி. பாத்துட்டீங்களா? போயிருச்சு. பஸ்ஸு வேகத்துல சரியாத் தெரிஞ்சிருக்காது. பால் டேங்க்னு நெனச்சிருப்பீங்க. எல்லாரும் அப்பிடித்தான் நெனைக்கறாங்க. அது நைட்ரஜனுங்க. காத்துல இருக்கறதுதான், அதைக் குளிர வெச்சுக் குளிர வெச்சுத் தண்ணியாட்டம் ஆக்கி வெச்சிருக்குது. ஐஸெல்லாம் அதுக்குப் பக்கத்துலயே வர முடியாது. கையில பட்டா வெந்த மாதிரி தோலு உரிஞ்சு போகும்.

அந்த எடம் மாடு வளக்கறவங்க சேந்து நடத்தற விந்து பேங்க்கு. காங்கயம் காளைங்க இருக்குதல்லங்க, அதுககிட்ட இருந்து எடுத்து, சின்னச் சின்னக் குச்சியில அடைச்சு, அந்த நைட்ரஜனுக்குள்ள முக்கி வெச்சுருவாங்க. நைட்ரஜன் இருக்கற வரைக்கும் அது உசுரோட இருக்கும். அம்பது வருசம் ஆனாலும் இருக்கும். காளை செத்துப் போனாக்கூட அதோட கன்னுக்குட்டி பொறக்கும்.

அந்த டேங்குல இருந்து உள்ள ரூமுக்குப் போற லைன் நான் போட்டதுங்க. என் பேரு தெய்வசிகாமணி. கோயமுத்தூர்ல ஒரு கம்பெனியில இதே வேலைதான், இருவத்தி சொச்சம் வருசமா. பைப்பு யாரு வேணும்னாலும் போடலாம். எந்த எடத்துல எந்த வால்வு வெக்கறதுங்கறதுதான் வேலையே.

உங்களுக்குத் தூக்கம் வருதுங்களா? இல்லையா. சரி.

இந்த நைட்ரஜன் லைன்ல பிரஷர் நெம்பக் கம்மி தம்பி. உங்க பைக் டயர்ல இருக்கற அளவுதான். அதனால அல்லாருக்கும் ஒரு எளக்காரம். "இத்தனூண்டு பிரஷருக்கு எதுக்குங்க இத்தன வெலையில வால்வு, தண்ணி பைப்புல போடறதப் போட்டு உடுங்க"ன்னுவாங்க. போட்டா என்ன ஆகும்? தண்டு உறைஞ்சு போயி திருக வராது. அதுக்குத்தான் கழுத்து நீளமா இருக்கற வால்வு வாங்கறது, பிடி இருக்கற எடம் குளிரு ஏறாம இருக்கோணும்னு. அப்பறம் இந்த உருண்டை வெச்ச வால்வு இருக்குது. மூடறப்ப உருண்டைக்குள்ள கொஞ்சூண்டு நைட்ரஜன் மாட்டிக்கும். வெளிச்சூடு பட்டு அது ஆவியானா எழுநூறு மடங்கு பெருசாகும். போறதுக்கு வழியில்லீன்னா வால்வே வெடிச்சுரும். அதுக்கு உருண்டையில ஒரு ஓட்டை போட்டது வாங்கோணும். ரெண்டு வால்வுக்கு நடுவுல தானாத் தொறந்து வெளிய உடற வால்வு ஒண்ணு வெக்கோணும். இதெல்லாம் நான் தப்பே பண்ணுனதில்லீங்க. ஒருக்காக்கூட இல்லை.

கடைசியா ஒரு வால்வு. ரூமுக்குள்ள, அந்தக் குச்சியெல்லாம் முக்கி வெச்சிருக்கற பெரிய பாத்திரத்துக்கு மேல. நைட்ரஜன் கொறைஞ்சா அது தானாத் தொறந்து ரொப்பும், ரொம்புனா மூடிக்கும். கரண்டுல ஓடற வால்வு. இதுல ரெண்டு தினுசு. கரண்ட் போனா மூடிக்கறது ஒண்ணு. கரண்ட் போனா தொறந்துக்கறது ஒண்ணு.

நீங்களே சொல்லுங்க, எத வெப்பீங்க?

தொறந்துக்கறத வெச்சா குச்சிக்கு ஒரு பயமும் இல்லை. கரண்ட் இல்லாட்டியும் நைட்ரஜன் வந்துட்டே இருக்கும். ஆனா பாத்திரம் ரொம்பி வழிஞ்சு ரூமு பூராப் பரவும். மூடுன ரூமுக்குள்ள ஆளு இருந்தான்னு வெய்யுங்க, வாசனை கெடையாது, மூச்சு முட்டாது, தூக்கம் வர்ற மாதிரி வரும். அத்தோட சரி.

மூடிக்கறத வெச்சா ஆளுக்குப் பயமில்லை.

நான் அளவெடுக்கப் போனன்னிக்கு நல்ல சித்திரை வெய்யலுங்க. கதவத் தள்ளிட்டு உள்ள போறேன், அங்க ஆறுச்சாமின்னு ஒருத்தரு, அந்த பேங்க்குல வேலை பாக்கறவரு, அந்தப் பாத்திரத்துக்குப் பக்கத்துல பாய விரிச்சுப் படுத்துத் தூங்கறாரு. அந்த ரூமுக்குத்தான் ஏசி. மனுசன் வாயத் தொறந்துட்டு நல்ல தூக்கம். நான் எழுப்பலீங்க. சத்தமில்லாமக் கதவச் சாத்திட்டு வந்துட்டேன். பேங்க்கப் பாத்துக்கற மாட்டு டாக்டரம்மா கிட்டச் சொல்லியிருந்தா அவரு வேலை போயிருக்கும். சொல்லலை. ஊட்டுக்கு வந்து, பைப்பு லைன் வரையற படத்துல அந்த எடத்துல, கரண்ட் போனா மூடிக்கற வால்வுன்னு போட்டேன். அதுமட்டுமில்லை, கரண்ட் திரும்பி வந்தாலும் தானாத் தொறக்கக் கூடாது, ஒரு ஆளு வந்து ரூமப் பாத்துட்டு, பச்சைப் பொத்தான அமுக்குனாத்தான் தொறக்கோணும்னு வெச்சேன். பாதுகாப்புக்குப் பாதுகாப்பு.

அது தப்புங்களா? இல்லீல்ல? நானும் அப்பிடித்தான் நெனச்சேன்.

கோகிலவாணின்னு ஒரு அம்மிணிங்க. இன்னும் நாலஞ்சு ஸ்டாப்பு தள்ளி, நத்தக்காட்டு வலசு. அங்கதான் இப்ப நான் போறது. அந்தம்மிணி காரின்னு ஒரு காளை வளத்துச்சு. கருகருன்னு, திமிலு இந்த அளவு. நான் நேர்ல பாத்ததில்லை, போட்டோவுலதான். எத்தனையோ பேரு வெலைக்குக் கேட்டும் குடுக்கலையாம். வீட்டுக்காரரு லாரி ஓட்டறவரு, மாசத்துல பாதி நாளு வடக்கதான். இந்தம்மிணியும் மாமியாரும் அந்தக் காளையுமாத்தான் இருந்திருக்காங்க. அந்தக் காரியோட குச்சியும் பேங்க்குல வெச்சிருந்தாங்க. போன ஐப்பசியில இடி விழுந்து காளை போயிருச்சு. மரத்தடியில கட்டியிருந்த எடத்துலயே. அப்பறம் மிச்சம் இருந்தது அந்தக் குச்சிங்கதான். தை பொறக்கட்டும், நம்ம மாட்டுக்கே காரி குச்சிய ஊசி போடலாம்னு அந்தம்மிணி காத்துட்டு இருந்துச்சு.

போகிக்கு மொத நாளு மத்தியானம் கரண்ட் போச்சு. வால்வு மூடிக்கிச்சு. நான் சொன்ன மாதிரியே. பொழுதெறங்கிக் கரண்ட் வந்துச்சு. வால்வு தொறக்கலை. அதுவும் நான் சொன்ன மாதிரியேதான். பொத்தான அமுக்க ஆளு வேணுமல்ல? ஆறுச்சாமி ரூமப் பூட்டிட்டு ஊருக்குப் போயிட்டாரு. டாக்டரம்மாவும் லீவு. பொங்கலு, மாட்டுப் பொங்கலு, காணும் பொங்கலு. நைட்ரஜன் கொறைஞ்சா அடிக்கறதுக்கு அலாரம் இருந்துச்சு தம்பி, இல்லாம இல்லை. டாக்டரம்மா உக்கார்ற ரூமுல நாந்தான் வெச்சேன். பூட்டுன ரூமுக்குள்ள அடிச்சிட்டே இருந்திருக்குது.

சாதாரணமா அந்தப் பாத்திரம் ரெண்டு மூணு வாரம் தாங்கும். ஆனா அது பழைய பாத்திரம், குளிரு உள்ளயே நிக்கறதுக்கு ரெண்டு சுவத்துக்கு நடுவுல காத்தே இல்லாம வெச்சிருப்பாங்க, அதுல எங்கியோ லேசாக் காத்து ஏறிப்போச்சு. யாருக்கும் தெரியலை. லீவு முடிஞ்சு வந்து டாக்டரம்மா மூடியத் தூக்குனா வெள்ளையாப் பொகை வரோணும். வரலை. உள்ள கையக் கூட உடலாமாம். அத்தனையும் போச்சு.

மத்தவங்க காளையெல்லாம் தொழுவத்துல நின்னுட்டு இருக்குது. திரும்ப எடுத்துக்கலாம், எடுத்து வெச்சும் போட்டாங்க. காரிக்குத்தான் வழியில்லை.

டாக்டரம்மா என்னையக் கூப்புட்டுக் கேட்டாங்க. "ஏன் சார் இப்பிடி ஒரு வால்வப் போட்டீங்க? தானாத் தொறக்கற மாதிரி வெச்சிருந்தா இது நடந்திருக்குமா?" நான் என்னங்க சொல்றது? ஆறுச்சாமி பாய்ல படுத்திருந்ததச் சொல்லோணும். அவரு அங்கயே செவுத்தோரமா நின்னுட்டு இருக்காரு. "சேஃப்டிங்க மேடம், அதுதான் முறை"ன்னு சொல்லிப்போட்டு வந்துட்டேன். முறைதான். பொய்யில்லை. ஆனா மனசு ஆறலீங்க.

அந்த வாரமே நத்தக்காட்டு வலசுக்குப் போனேன். அம்மிணி தீவனத்தட்டு வெட்டிட்டு இருந்துச்சு. நான் யாருன்னு சொன்னேன். "அந்த வால்வு போட்டவன் நாந்தானுங்க"ன்னேன். சொன்னதும் எனக்கு அழுகை வந்துருச்சு. அம்பத்தஞ்சு வயசு ஆளு தம்பி. அம்மிணி அருவாளக் கீழ வெச்சுப்போட்டு, உள்ள போயி, ஒரு சொம்பு மோரு கொண்டாந்து குடுத்துச்சு. "குடிங்கண்ணா. வேணும்னா செஞ்சீங்க? அதோட ஆயுசு அவ்வளவுதான்"னுச்சு. அந்தம்மிணி கண்ணுல ஒரு சொட்டு வரலை. எனக்கு அதுதான் இன்னும் பொறுக்கலை. திட்டியிருந்தாக்கூடத் தேவலைங்க.

அதுல இருந்து ஞாயித்துக்கெழமையானா போயிருவேன். போகாம இருக்க முடியலை. கொஞ்சம் பழம், மாமியாருக்கு முறுக்கு. அந்தம்மா பல்லு இல்லாதவங்க, இருந்தாலும் வாங்கி வெச்சுக்குவாங்க. நான் போனதும் கட்டலத் தூக்கி வாசல்ல எல்லாருக்கும் தெரியற எடத்துல போட்டு, அந்தம்மாவும் பக்கத்துலயே உக்காந்துக்குவாங்க. நல்ல மரியாதை. அம்மிணி அது பாட்டுக்குச் சாணி அள்ளும், தண்ணி காட்டும். நான் பேசிட்டு இருப்பேன். அந்த வால்வப் பத்தி, வேற என்ன தினுசு போட்டிருக்கலாம், எப்பிடிப் போட்டிருக்கலாம்னு. ஒவ்வொரு வாரமும் யோசிச்சு வெச்சிருப்பேனுங்க. போறப்ப அம்மிணி, "அண்ணா, நாங்க ஒண்ணும் மனசுல வெக்கலை. நீங்க இத்தன தூரம் வராட்டியும் பரவால்லை"ன்னு சொல்லும். அதுக்குப் பெரிய மனசு. அதைக் கேக்கறப்பத்தான் எனக்கு இன்னும் சங்கட்டமா இருக்கும்.

மாசி முடியறப்ப ஒரு நாளு, நான் பேசிட்டே இருக்கறேன், அம்மிணி தண்ணி வாளியக் கீழ வெச்சுது. "ஏனுங்கண்ணா, நான் ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்க அம்மிணி."

"அந்தப் பொத்தானு இப்பவும் அப்பிடியேதான் இருக்குதுங்களா?"

எனக்குப் புரியலை. "எந்தப் பொத்தானு?"

"அதா, அமுக்குனாத்தான் தொறக்கும்னீங்களே. இன்னைக்கும் கரண்ட் போனா அப்பிடியேதான் நிக்குமா?"

"ஆமாங்க. அது… அப்பிடியேதான் இருக்குது."

"எங்க சின்ன மாமனார் ஊட்டுக் காளைக்கும் இப்பக் குச்சி எடுத்து அங்கதான் வெச்சிருக்குது. வலசுல பாதிப் பேரு அங்கதான் வெச்சிருக்கறாங்க." அப்பறம், "அந்த ஆறுச்சாமியண்ணனுக்கு அது என்ன பொத்தானுன்னு தெரியுமுங்களா?"ன்னுச்சு.

"எல்லாம் புஸ்தகத்துல எழுதிக் குடுத்திருக்குதுங்க"ன்னேன்.

"இங்கிலீசுலயா?"

மாமியாரு உக்காந்துட்டு இருந்தவங்க எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க. அம்மிணி வாளிய எடுத்துட்டுக் கட்டுத்தறிக்குப் போயிருச்சு. நான் கொஞ்ச நேரம் தனியாக் கட்டல்ல உக்காந்திருந்தேன்.

திங்கக்கெழமை லீவு போட்டுட்டு பேங்க்குக்குப் போனேனுங்க. டாக்டரம்மா கூப்புட்டுக் கேட்டதுக்கப்பறம் அந்தப் பக்கமே போகலை. எந்த மொகத்த வெச்சுட்டுப் போறது? ரூமு முன்னாடி ஆறுச்சாமி தரைய மெழுகிட்டு இருந்தாரு. என்னையப் பாத்ததும் வாயெல்லாம் பல்லு, "வாங்க சார்"ன்னு ஓடியாந்தாரு. உள்ள கூட்டிட்டுப் போயி, செவுத்துல இருந்த பொத்தானக் காட்டி, "இது என்னன்னு தெரியுமா ஆறுச்சாமி?"ன்னு கேட்டேன்.

"தெரியுமுங்க சார். தெனமும் துணி வெச்சுத் தொடைப்பனுங்க. அமுக்குனா ஏதாச்சும் ஆயிருமோன்னு கைய அழுத்தாமப் பூப்போலத் தொடைப்பனுங்க."

பொத்தானுக்குப் பக்கத்துல இருந்த லைட்டக் காட்டுனேன் தம்பி.

"அன்னிக்குக் கரண்ட் வந்தப்ப இதுல செகப்பு லைட்டு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுதுங்க சார். கரண்ட் வந்துருச்சுன்னு காட்டறதுக்குத்தான் லைட்டுன்னு நெனச்சனுங்க. நல்லா எரியுதுன்னு பாத்துட்டுத்தான் பூட்டிட்டுப் போனனுங்க."

அந்த ரூமுலயே அவர உக்கார வெச்சு எல்லாம் சொன்னேன். பொத்தானு எதுக்கு, லைட்டு எதுக்கு. அப்பறம் அந்தப் பாயிப் பேச்சையும் எடுத்தேன். "நீ தூங்கறதப் பாத்தேன் ஆறுச்சாமி. அதனாலதான் இந்த வால்வு. இந்த நைட்ரஜன் ரூமுக்குள்ள பரவுனா தூக்கத்துலயே போயிருவே. இங்க இனிப் படுக்கக் கூடாது"ன்னேன். மனுசன் மொகம் வெளுத்துப் போச்சு. அப்பறம் மெதுவா, "சார், அந்த போகிக்கு மொத நாளு மத்தியானம் நான் உள்ளதானுங்க படுத்திருந்தேன். கரண்ட் போனதுகூடத் தெரியலை. வேர்த்து ஊத்தி எந்திரிக்கறப்பப் பொழுது எறங்கிருச்சு"ன்னாரு.

கேட்டீங்களா? உள்ள இருந்திருக்காரு. தொறந்துக்கற வால்வு போட்டிருந்தா காரி குச்சி இருந்திருக்கும், ஆறுச்சாமி இருந்திருக்க மாட்டாரு. ரெண்டு பொம்பளைப் புள்ளைங்க அவருக்கு. நான் போட்ட வால்வு சரிதான் தம்பி. சரியான வால்வுதான். அந்தாளுகிட்ட ஒரு வார்த்தை, நம்ம பேசற பேச்சுல ஒரே ஒரு வார்த்தை, "லைட்டு செகப்பா எரிஞ்சா இதை அமுக்கு"ன்னு சொல்லியிருந்தா ரெண்டும் இருந்திருக்கும். சொல்லலை. படத்துல எழுதுனேன். தூங்கற ஆள எழுப்பாம வந்ததைப் பெரிய தருமமா நெனச்சுட்டு, ஊட்டுல உக்காந்து படத்துல எழுதுனேன்.

வால்வ மாத்தலீங்க. மூடிக்கறதுதான் இருக்குது. கரண்ட் வந்தா, ரூமுல காத்து நல்லா இருக்குதான்னு பாத்துட்டு அதுவே தொறந்துக்கற மாதிரி ஒரு மிசினு வெச்சாச்சு. அலாரத்தை ஆபீசுல இருந்து எடுத்து, கரண்ட் போனாலே பேட்டரியில அடிக்கற மாதிரிப் பெரிய மணியா வெளிய ரோட்டப் பாக்க வெச்சாச்சு. ஆறுச்சாமி ஊட்டுலயும் ஒண்ணு. பக்கத்து டீக்கடைக்காரருக்கும் சொல்லி வெச்சிருக்குது. பொத்தானுக்கு மேல ஆறுச்சாமியே அவரு கையெழுத்துல தமிழ்ல எழுதி ஒட்டியிருக்காரு.

இதைத்தான் அம்மிணிகிட்டச் சொல்லலாம்னு போன ஞாயித்துக்கெழமை போனேன். மாமியாரு வாசல்லயே நின்னுட்டு, "அவ ஊட்ல இல்லைங்க"ன்னாங்க. எங்கன்னு கேட்டதுக்கு வெளிய போயிருக்கான்னாங்க. கட்டலு எடுத்துப் போடலை. அம்மிணியோட ஸ்கூட்டி வாசல்லதான் நின்னுச்சு, செருப்பும் கெடந்துச்சு. காட்டுக்கு நடந்து போயிருக்கும். போனு பண்ணுனா எடுக்கறதில்லை, அதுக்கு வேலை தலைக்கு மேல கெடக்குதல்லங்க. அதுதான் இன்னைக்கு விடியவே கெளம்பிட்டேன். இதைக் கேட்டா அதுக்கு மனசு லேசாகும். காரியோட குச்சி சும்மா போகலை, ஒரு உசுரு பொழச்சிருக்குதுன்னு தெரிஞ்சா…

என்னங்க தம்பி?

ஆமா, வாசல்லதான் நின்னுச்சு. ஸ்கூட்டிதான். செருப்பும்.

…

இல்லை, காட்டுக்கு செருப்பு இல்லாமப் போக மாட்டாங்க. முள்ளு.

அந்தக் கட்டலையும் அவங்க மரியாதைக்குத்தான் வாசல்ல போட்டாங்கன்னு… வீட்டுக்காரரு ஊர்ல இருக்கறதில்லை. பக்கத்து ஊட்டுக்காரங்க எல்லாம் அங்கதான் உக்காந்திருப்பாங்க, பாத்துட்டு. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும். வராட்டியும் பரவால்லைன்னு அது மொத நாள்ல இருந்து சொல்லிட்டுத்தான் இருக்குது. நான் அதைக் கேக்கவே இல்லையாட்டம் இருக்குது. அதுக்கு ஏதாச்சும் சங்கட்டம் இருந்தாலும் எங்கிட்ட எப்பிடி வாய் விட்டுச் சொல்லும்? நாந்தான் போனதும் அழுதுட்டு உக்காந்துக்கறேனே. பாவம் அது, காளையும் போயி, எனக்கு மோரும் கலக்கிக் குடுத்துட்டு.

நத்தக்காட்டு வலசா? ஆமா கண்டக்டர், நாந்தான் டிக்கெட் எடுத்தது. இல்லை, எறங்கலை. நீங்க விசில் அடிங்க, போலாம்.

வெள்ளகோயிலுக்கு ஒண்ணு போட்டுக் குடுங்க. பாக்கிச் சில்லறைய அப்பறம் வாங்கிக்கறேன்.

தம்பி, நீங்க ஜன்னலோரமாவே உக்காருங்க, நான் இப்பிடியே இருந்துக்கறேன். அங்க போயி ஒரு டீயக் குடிச்சுட்டுத் திரும்பற பஸ்ஸுல பேங்க்குல எறங்கிக்குவேன். ஆறுச்சாமிக்கு இன்னைக்கு டூட்டி இருக்கும். மெயின் சுவிச்ச நிறுத்திப் போட்டு, அந்த மணி ரோடு வரைக்கும் கேக்குதான்னு ரெண்டு பேருமா ஒருக்கா பாக்கோணும். வெச்சதோட சரி, இன்னும் அடிச்சுப் பாக்கவே இல்லீங்க.